பந்து நிற்கும் உயரம்

எவர்சில்வர் தட்டு ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து, விளிம்பால் சுற்றிச் சுற்றி அடங்கும் ஓசை. முதலில் அகலமாக, நிதானமாகச் சுற்றும். போகப் போக அவசரம் கூடும். முடிவில் அடிகளெல்லாம் ஒன்றாகிக் கம்பி அதிர்வதுபோல ரீங்கரித்துச் சட்டென்று அறுந்துவிடும். ஆவுடையம்மாள் அப்போது ஏழாம் வகுப்பு. முன்னறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். அடுக்களையிலிருந்து அம்மா, "ஒண்ணுமில்லட்டி, கை வழுக்கிட்டு" என்றாள். கை வழுக்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. அந்த ஓசை இப்போது ஏன் வர வேண்டும் என்று யோசித்தாள். கல்லூரியின் மின் இயந்திரக் கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள், சித்திரை வெயில், மேசை மேசையாக இறுதியாண்டுப் பிராஜெக்டுகள், தலைக்கு மேல் விசிறி சுற்றுகிறதே தவிரக் காற்று வரவில்லை. முதல் மேசையில் எக்ஸ்டர்னல், வெளியிலிருந்து வந்த தேர்வாளர், உட்கார்ந்து யாரையோ கேள்வி கேட்கிறார். அந்தப் பக்கம் யாரோ ஒரு ஸ்பேனரைக் கீழே போட்டார்கள். அதனால் வந்திருக்கும். அவளுடைய மேசை நான்காவது. மேசைமேல் 'ப' வடிவத்தில் ஒரு மரச்சட்டம். அதன் உச்சியில் தாமிரக் கம்பி சுற்றிய இரும்பு போல்ட், அதுதான் மின்காந்தம். அதற்குக் கீழே இடப்பக்கம் ஒரு சின்ன விளக்கு, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடுவது. வலப்பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண், அதாவது சென்சார், மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டுக்கும் நடுவே வெறும் காற்றில் ஓர் இரும்புப் பந்து மிதக்க வேண்டும். பந்து ஏறினால் அது வெளிச்சத்தை மறைக்கும், கண் சொல்லும், மின்சாரம் குறையும். இறங்கினால் வெளிச்சம் கூடும், கண் சொல்லும், மின்சாரம் கூடும். ஏறாதே, இறங்காதே என்று நொடிக்கு ஆயிரம் தடவை அதட்டிக்கொண்டே இருந்தால் பந்து ஒரே இடத்தில் நிற்கும். பார்ப்பவர்களுக்கு அது சும்மா நிற்பதாகத்தான் தோன்றும். சும்மா நிற்பதற்குள் எத்தனை அதட்டல் என்பது பந்துக்குத்தான் தெரியும், இல்லை, பந்துக்கு என்ன தெரியும், இரும்பு.

தை மாதம் முதல் ரிவியூவுக்கு இதே எக்ஸ்டர்னல்தான் வந்திருந்தார். பெங்களூரில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர், ஒல்லியான மனிதர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அன்றைக்குப் பந்து ஒரு கணம் தயங்கிவிட்டு விழுந்தது. அவர் சிரித்து, "மிதக்கும்போது கூப்பிடுங்க. நூல் கட்டித் தொங்க விட்டுட்டு மட்டும் கூப்பிடாதீங்க, நான் நிறையப் பாத்தவன்" என்றார். பிறகு அவள் போட்டிருந்த கணக்கைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார். போகும்போது தனியாக, "சித்திரையில இது மிதந்துட்டா நீ என் லேபுக்கு வந்துரும்மா. ஒரு இடம் இருக்கு. மிதக்கலைன்னா நான் யாருகிட்டயும் சொல்ல முடியாது, கமிட்டி கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவள் அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "முதல்ல மிதக்கட்டும்" என்றார். அம்மாவிடம் சொன்னாள். அம்மா, "போயேன். போறதுக்குத்தானே படிக்க" என்று சொல்லிவிட்டு, "அங்க குளிரா இருக்குமாமே?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மிதந்தால் பெங்களூர். மிதக்காவிட்டால் காலையில் கொக்கி. கொக்கி என்பது அம்மாவின் ரவிக்கைக் கொக்கி. அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்ததில் முதலில் போனது தட்டு, பிறகு கோலம், பிறகு ஊசியில் நூல் கோப்பது, கடைசியாகக் கொக்கி. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, "ஏட்டி ஆவுடை, வா" என்பாள். என்ன வேண்டும் என்று சொல்ல மாட்டாள். ஆவுடை போய் எதிரே நின்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மாட்டுவாள். அம்மா அந்த நேரம் முழுக்கச் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை, அவசரமாகப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்த ஒரு நாளில், "அப்பாவைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "சீ, என்ன பேச்சுட்டி இது, பகல்ல." எதிர்வீட்டுச் சித்தி? "அவ ஊரெல்லாம் சொல்லுவா." கொக்கி போடாமல் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடலாம், தெருவில் இறங்க முடியாது. அம்மாவோ தெருவில் இறங்கியே பழகியவள். கஞ்சி போட்ட சேலை, முகத்துக்குக் கொஞ்சம் பவுடர், வளைகாப்போ காதுகுத்தோ எதுவானாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, நடுங்கும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பாள். இன்றைக்குக்கூட ஒரு வளைகாப்பு இருக்கிறதாம். காலையில் கொக்கி மாட்டி முடித்ததும் அம்மா, "நில்லு" என்று சொல்லி, கோயில் சந்தனத்தைக் குழைத்து அவள் நெற்றியில் வைத்தாள். விரல் நெற்றியைத் தேடி அலைந்தது. புருவத்தில் ஒரு தீற்றல், மூக்குத்தண்டில் ஒரு சொட்டு, கடைசியில் நடுவே ஒரு பெரிய அப்பல். "கோணலா இருக்காட்டி?" "இல்லம்மா." "பந்து நிக்கும்" என்றாள் அம்மா. அதை எந்த மனதோடு சொன்னாள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. டாக்டர் ஒரு தடவை படம் போட்டுக் காட்டினார்: மூளை கைக்குச் செய்தி அனுப்புகிறது, கை திருப்பிச் சொல்கிறது, இடையில் எங்கேயோ தாமதம். அதைக் கேட்டபோது அவள் மனதில் ஓடியது ஒரு சமன்பாடு. திருத்தம் தாமதித்து வந்தால் நடுக்கம், அளவுக்கு மிஞ்சி வந்தாலும் நடுக்கம். அம்மாவின் கையை அப்படிப் பார்த்ததற்காக அன்றைக்கு வெட்கப்பட்டாள். பிறகு அந்த வெட்கமும் பழகிவிட்டது.

டக். பந்து மேலே தாவிப் போல்ட்டில் ஒட்டிக்கொண்டது. ஜெபசிங் பிடுங்கி எடுத்து மறுபடியும் வைத்தான். டக். "ஏல கோமதி" என்றான் ஜெபசிங், குரலை அடக்கிக்கொண்டு. இருவரும் அவளுடைய கூட்டாளிகள். ஜெபசிங் நாசரேத்துக்காரன், சர்க்யூட் முழுக்க அவன் கைவேலை. கோமதிநாயகம் சங்கரன்கோவில், மரச்சட்டமும் ரிப்போர்ட்டும் அவன் பொறுப்பு. "ஏல, எதையாவது நோண்டுனியா?" "நான் ஏன்ல நோண்டப் போறேன்? எல்லாத்தையும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன், அவ்வளவுதான். வாரவரு பெங்களூர்க்காரரு. நம்ம மிஷின் புளிசாதப் பொட்டலம் மாதிரி எண்ணெய் வடிஞ்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" "நேத்து சாயங்காலம் நின்னுச்சே." "நேத்து நின்னது இன்னைக்கும் நிக்கணும்னு பந்து சத்தியமா பண்ணியிருக்கு?" "வாய மூடுல. வெயிலு. சன்னல் வழியா வெயில் சென்சார்ல அடிக்கி. வெயில்லயும் அந்த வெளிச்சம் உண்டுல்லா? பந்து எறங்கிட்டுன்னு நினைச்சு இது இழுக்கி." கோமதி ஓடிப்போய்ச் சன்னல்களைச் சாத்தினான். கூடம் மங்கியது. பக்கத்து மேசைக்காரன், "எங்க மோட்டாரு வெந்து சாகட்டும்னா சாத்துதீங்க?" என்றான். "உங்க மோட்டாரு ஓடுனாத்தானே வேகும்" என்றான் கோமதி. ஜெபசிங் பந்தை வைத்தான். டக். பெட்டியைத் திறந்தான். உள்ளே அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகும் சின்னத் திருகாணிகள் எல்லாவற்றின் தலையிலும் பசை கெட்டியாக உறைந்து கிடந்தது. ஜூனியர்கள் விளையாடக் கூடாதென்று போன வாரம் அவனே ஊற்றியது. தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆவுடை, நீ ஏன் மரம் மாதிரி நிக்க? எதாவது சொல்லு." எக்ஸ்டர்னல் இரண்டாவது மேசைக்கு நகர்ந்திருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது, பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல மனம் அதைத் தொட்டுப் பார்த்தது. ஒட்டிக்கொண்டுவிட்டது. அதாவது மிதக்கவில்லை. அதாவது பெங்களூர் இல்லை. ஜெபசிங்குக்கும் கோமதிக்கும் ரிப்போர்ட்டுக்கே பாஸ் மார்க் வந்துவிடும், கைடு அப்படித்தான் சொன்னார். அவர்களுக்கு மானம்தான் போகும், அது ஆடி மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும். அவளுக்குத்தான் இது. நாளைக் காலையில் அம்மா, ஏட்டி ஆவுடை, வா. நாளை மறுநாளும். அதில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு நிம்மதியின் சாயல்கூட இருந்ததுபோல் இருந்தது. யாரும் குற்றம் சொல்ல முடியாத நிம்மதி. இரும்பு ஒட்டிக்கொண்டது, நான் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒட்டிக்கொள்வது சுலபம். காந்தத்துக்கு எதிரே இரும்பு செய்வதற்கு இருப்பதே இரண்டு காரியம்தான், ஒட்டுவது அல்லது விழுவது. நடுவில் நிற்பது இயற்கையில் இல்லை.

அப்போதுதான் மீட்டரின் முள்ளைப் பார்த்தாள். கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று காட்டும் மீட்டர். பந்து இல்லாமல் சும்மா இருக்கும்போது முள் எங்கே நிற்க வேண்டும் என்று கார்த்திகை மாதமே கோமதி சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். ஜெபசிங் பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், இடையில் ஒன்றும் இல்லை, முள் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. சன்னல் சாத்தியிருக்கிறது. வெயில் இல்லை. அப்படியானால் கண்ணுக்கு இன்றைக்கு நன்றாகத் தெரிகிறது. இத்தனை நாளும் தெரிந்ததைவிட நன்றாக. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அவள் சென்சாரைக் குனிந்து பார்த்தாள். கறுப்பாக, பளபளவென்று, பிறந்த குழந்தையின் கண்போல இருந்தது. மஞ்சள் இல்லை. அங்கே எப்போதும் ஒரு மஞ்சள் கறை இருக்குமே. ஆயுத பூஜை. புரட்டாசி முடிவில் இதே கூடத்தில் ஒவ்வொரு மோட்டாருக்கும், ஆசிலாஸ்கோப்புக்கும், உடைந்து கிடந்த மல்டிமீட்டருக்கும்கூடச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அப்போது இவர்கள் மேசையில் இருந்தது வெறும் சட்டமும் இந்த இரண்டு சாமான்களும்தான். "இதுக்கு எங்க வைக்க?" என்று கேட்டுவிட்டுக் கோமதிதான் ஒரு பொட்டு வைத்தான். அது வழிந்து கண்மேலேயே காய்ந்துபோயிற்று. யாரும் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைப்பானேன். அதற்குப் பிறகுதான் அளந்தார்கள், கோடு போட்டார்கள், திருகினார்கள், பசை ஊற்றினார்கள். எல்லாம் சந்தனத்தின் வழியாகப் பார்த்த வெளிச்சத்தை வைத்து. அவள் கணக்கில் வந்த எண்ணும் மீட்டரில் வந்த எண்ணும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எத்தனை இரவு உட்கார்ந்தாள். கைடு, "பிராக்டிகல்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். கோமதி ரிப்போர்ட்டில் 'சூழ்நிலைக் காரணங்களால் ஏற்படும் சிறு வேறுபாடு' என்று எழுதினான். சூழ்நிலைக் காரணம் ஒரு பொட்டு சந்தனம். சிரிப்பு வந்தது. வாயைத் திறந்து சொல்லப் போனாள், சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஜெபசிங்குக்குத் தோன்றாது, அவன் பெட்டிக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறான், "சூட்டுல இதுக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டு" என்கிறான். கோமதிக்குத் தோன்றாது, அவன் சுத்தம் செய்தவன். அவள் ஒருத்திக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் நிற்கலாம். நிற்பது ஒன்றும் கடினம் இல்லை. எக்ஸ்டர்னல் மூன்றாவது மேசைக்கு வந்துவிட்டார், அங்கே மோட்டார் ஓடவில்லை, சீக்கிரம் முடிந்துவிடும். கொக்கி. சுவர்க் காலண்டர். அம்மா பார்க்கும் காலண்டரில் என்ன படம் என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. தினம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நிற்கிறாள். போறதுக்குத்தானே படிக்க. அம்மா அதைச் சொன்னபோது கை நடுங்கியது. கை எப்போதும்தான் நடுங்கும், அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது. முகத்தை வைத்துப் படிக்கலாம் என்றால் முகமும் இப்போது கொஞ்சம் விறைத்துப்போய்விட்டது. அம்மாவின் உள்ளே வெளிச்சம் எவ்வளவு என்று காட்ட மீட்டர் எதுவும் இல்லை. பந்து நிக்கும் என்றாள். நிற்கட்டும் என்றா, நின்றுவிடுமே என்றா? வியர்வை நெற்றியிலிருந்து வழிந்து புருவத்தில் தங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினாள். விரலில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஏ, என்ன செய்த நீ?" என்றான் கோமதி. அவள் நெற்றிச் சந்தனத்தைச் சுண்டுவிரலால் வழித்துச் சென்சாரின் கண்ணில் தடவினாள். முள் சரிந்தது, சரிந்து கோட்டுக்குக் கீழே போய்விட்டது. அதிகம். நகத்தால் கொஞ்சம் சுரண்டினாள். முள் ஏறியது. இன்னும் கொஞ்சம். கோட்டின்மேல் வந்து நின்றது. ஜெபசிங் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு புரிந்து, மெதுவாக, "அட நாசமாப் போறவனே" என்றான் கோமதியைப் பார்த்து. "ஏல, சந்தனத்துக்கா கணக்குப் போட்டோம்?" "நான் பக்தியா வச்சேன்ல." "பக்தியா வச்சவன் பக்தியா துடைக்காம இருந்திருக்கலாமில்ல?" விசிறிக் காற்றில் சந்தனம் உலர்ந்தது. முள் ஒரு மயிரிழை நகர்ந்து நின்றது. எக்ஸ்டர்னல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "என்னம்மா, சன்னலெல்லாம் சாத்திட்டு? ஆவி ஏதாவது வரவழைக்கிறீங்களா?" ஜெபசிங் பந்தை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி, விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே தூக்கிப் பிடித்தாள். விரலுக்குள் அது இழுபடுவது தெரிந்தது, மேலே, கீழே, மேலே, மிகச் சின்னதாக, எலிக்குஞ்சின் நெஞ்சுத் துடிப்புபோல. பிறகு அது அடங்கியது. விரல்களை விரித்தாள். பந்து அங்கேயே இருந்தது. கம்பிச் சுருள் மெலிதாக இரைந்தது. எக்ஸ்டர்னல் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பந்துக்கும் காந்தத்துக்கும் நடுவே ஓட்டினார், வெளியே எடுத்தார், அடியிலும் ஓட்டினார். "நூல் இல்லை" என்றார். பிறகு குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, கிட்டப் போய்ப் பார்த்தார். "சென்சார் மேல என்ன இது?" "சந்தனம் சார்." "வெள்ளிக்கிழமைங்கறதாலயா?" "அது இல்லாட்டா மிதக்காது சார்." அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் சொன்னாள். ஆயுத பூஜையிலிருந்து இன்று காலை வரை, ஒன்றையும் விடாமல், வேறு யாருடைய வேலையையோ விளக்குவதுபோலச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே ரிப்போர்ட்டைப் புரட்டி, ஒத்துப்போகாத அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார். "அப்போ இந்த வித்தியாசம்?" "சந்தனம்தான் சார்." "கணக்குல அதைச் சேத்தியா?" "இனிமேதான் சேக்கணும் சார்." "எங்க வந்து சேப்ப?" என்று கேட்டார் அவர். கோமதி பின்னாலிருந்து இருமினான். ஜெபசிங் தரையைப் பார்த்தான். அவள் நெற்றியில் கையை வைத்தாள். பிசுபிசுவென்று ஈரம் மட்டும் இருந்தது. வளைகாப்பு இந்நேரம் தொடங்கியிருக்கும். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், சிரித்திருப்பாள். பந்தின் அடியில் மேசை தெரிந்தது, மேசைக்கும் பந்துக்கும் நடுவே காற்று தெரிந்தது, அந்தக் காற்றில் ஒரு தூசி போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல் போயிற்று. அவள் அது கடந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெங்களூர்ல சார்" என்றாள்.

ஆவணி பிறந்ததும் ஆவுடை போய்ச் சேர்ந்தாள். அம்மா அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். தெருவில் அவளை யாரும் பார்க்கவில்லை.